வெளி கேம் ஷாஃப்ட் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? (புல்லட் 350 வார்ப்பிரும்பு எஞ்சின், மத்த வண்டிகளும்)

முத்தியால்பேட்டை350 எழுதியது:

பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350. டைமிங் கவர் கழட்டியாச்சு. எக்ஸாஸ்ட் கேம் (சுழன்று வால்வைத் திறக்கற முட்டை வடிவ துண்டு) மூக்குல வரி வரியா தேய்மானம், அதோட டேப்பட் (கேம் மேல உக்காந்து புஷ் ராடு வழியா வால்வைத் தள்ளற துண்டு) அடியில குழி. கம்பெனி கேமுக்குப் பதிலா லிஃப்ட் (தூக்கற உயரம்) கொஞ்சம் கூடுன வெளி கேம் (வேற ஆளுங்க பண்ணது) ஜோடி போடலாம்னு யோசனை. மூணு கேள்வி: எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும்? இன்லெட் டேப்பட் பார்க்க நல்லாத்தான் இருக்கு, அதையே போட்டுக்கலாமா? ஆயில் எது? ஓட்டம் பாதி புதுச்சேரி டவுனுக்குள்ள, பாதி ஈசிஆர்.

டயல்கேஜ் (மஞ்சக்குப்பம்) எழுதியது:

கிலோமீட்டர் கணக்கில் கேட்டால் யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. காரணம் எளிது. மணிக்கு 60ல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் அதில் பாதி, 1500. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், ஆக ஒவ்வொரு கேமும் தன் டேப்பட்டை கிலோமீட்டருக்கு 1500 தடவை தூக்குகிறது. 50,000 கிலோமீட்டருக்கு ஏழரைக் கோடி தடவை. (ஏழரை என்றதும் பயப்பட வேண்டாம்.) புதுக் கேம் போட்டு முதல் அரை மணி நேரம் 2000 சுற்றில் ஓடினால் 30,000 தடவை. அந்த ஏழரைக் கோடியின் தலையெழுத்தை இந்த முப்பதாயிரம்தான் எழுதுகிறது. அந்த அரை மணியில் மேற்பரப்பு ஒன்றோடொன்று பதிந்துவிட்டால் கம்பெனி கேம் அளவுக்கே ஓடும். அதில் உரசிக் கிழிந்துவிட்டால் 2000 கிலோமீட்டர்கூட வராது. நடுவாந்தரமாகச் சாகிற கேம் குறைவு.

இன்லெட் டேப்பட் கேள்விக்கு வருகிறேன். கூடாது. தட்டை டேப்பட் எஞ்சினில் பழைய டேப்பட் பழைய கேமோடு பதிந்த முகம். அதன் மேல் புதுக் கேம் வைத்தால் முழு முகமும் தொடாது, எங்கோ ஒரு ஓரத்தில் மட்டும் பாரம் ஏறும். "பார்க்க நல்லா இருக்கு" என்பது கண்ணுக்கு. எஃகு ஸ்கேலின் விளிம்பை டேப்பட் அடியில் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அது குழிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் செய்யலாம்: புது டேப்பட்டைப் பழைய நல்ல கேமோடு போடலாம். பழைய டேப்பட் புதுக் கேமோடு ஒருபோதும் வேண்டாம். பழைய ஜோடியையே திரும்பப் போடுவதானால் எது எந்தக் கேமோடு ஓடியதோ அதோடே போக வேண்டும்.

இன்னொன்று, டேப்பட் சுழல வேண்டும். வட்ட அடி கொண்ட தட்டை டேப்பட் ஏறி இறங்கும்போதே மெல்லத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒரே இடம் தேயாமல் முழு முகமும் பங்கு போட்டுக்கொள்கிறது. கழட்டிய டேப்பட்டின் அடியில் வட்ட வட்டமாக வளையம் தெரிந்தால் சுழன்றிருக்கிறது. குறுக்கே ஒரு நேர்கோடு விழுந்திருந்தால் நின்றுவிட்டது. நின்ற டேப்பட்டின் கீழ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமும் தப்பாது. கைடுக்குள் டேப்பட் எண்ணெயோடு தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது.

நெல்லித்தோப்பு ஸ்பானர் எழுதியது:

டயல்கேஜ் அண்ணன் சொன்னது சரி, ஆனா கேமைக் கொல்றதுல பாதி ஸ்பிரிங்தான். லிஃப்ட் கூடுன கேம் வாங்கறவங்க கூடவே "ரேஸ் ஸ்பிரிங்"னு ஒரு செட்டும் வாங்கிடறாங்க. 5000 சுத்துக்கு மேல போகாத நீள ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது எதுக்கு? ஸ்பிரிங்கோட வேலை வால்வைக் கேமோட சேர்த்து மூட வைக்கிறது, அவ்ளோதான். தேவைக்கு மேல இருக்கற ஒவ்வொரு கிலோ அழுத்தமும் கேம் மூக்கு மேல ஏறுது. கம்பெனி ஸ்பிரிங் தளராம இருந்தா அதையே போடுங்க. புது ஸ்பிரிங்கோட வச்சு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்க, குறைஞ்சிருந்தா மட்டும் மாத்துங்க.

லிஃப்ட் கூடினா மூணு இடத்துல இடிக்கும், இதைப் பார்க்காமலே மூடிடறாங்க. ஒண்ணு, வால்வு முழுசா திறந்த நிலையில ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டக்கூடாது, மொத்தமா 1 மில்லிமீட்டராவது மீதி இருக்கணும். உள் ஸ்பிரிங், வெளி ஸ்பிரிங் ரெண்டையும் தனித்தனியா பாருங்க. ரெண்டு, ஸ்பிரிங் தொப்பி கீழ இறங்கி வால்வு கைடு மேல உக்காரக்கூடாது, அங்கயும் 1 மில்லிமீட்டருக்குக் குறையாம. மூணு, வால்வும் பிஸ்டனும். பிள்ளைங்க விளையாடற களிமண்ணைப் பிஸ்டன் தலையில ஒட்டி, மேல எண்ணெய் தடவி, ஹெட் போட்டு டார்க் பண்ணி, கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க. கழட்டி மெல்லிசான இடத்தை வெட்டி அளந்தா இன்லெட் பக்கம் 1.5, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மில்லிமீட்டர் இருந்தா நிம்மதி. வார்ப்பிரும்பு புல்லட்ல கம்ப்ரஷன் கம்மி, இடம் தாராளம். பிஸ்டன் மாத்தின வண்டியா இருந்தா கட்டாயம் பார்க்கணும்.

சுருள் முட்டினா என்ன ஆகும்னா, கேம் மேல தூக்குது, மேல போக இடம் இல்ல. புஷ் ராடு வளையும், இல்ல மூக்கு உரியும். நிறைய பேர் "கேம் டூப்ளிகேட்"னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறது இந்தக் கேஸ்தான்.

முத்தியால்பேட்டை350 எழுதியது:

ஸ்பிரிங் பழசே இருக்கட்டும். முதல் அரை மணி நேரம் என்ன செய்யணும், வரிசையா யாராவது எழுதுங்களேன்.

நெல்லித்தோப்பு ஸ்பானர் எழுதியது:

கேமை மண்ணெண்ணெயில கழுவி துணியால தொடைங்க. கறுப்பா மங்கலா ஒரு பூச்சு இருந்தா அது அழுக்கு இல்ல, பாஸ்பேட் பூச்சு. எண்ணெயைப் பிடிச்சு வைக்கத்தான் அது. எம்ரி போட்டு பளபளன்னு ஆக்கிடாதீங்க. விளிம்புல பிசிறு இருந்தா மட்டும் எண்ணெய்க் கல்லால லேசா எடுங்க.

கேம் மேற்பரப்புலயும் டேப்பட் அடியிலயும் மாலிப்டினம் பேஸ்ட் கட்டியா தடவுங்க. டேப்பட் உடம்புக்கும் ஸ்பிண்டிலுக்கும் (கேம் சுழலற அச்சு) சாதா எஞ்சின் ஆயில் போதும். உடம்புல பேஸ்ட் அப்பினா கைடுக்குள்ள ஒட்டிக்கிட்டு சுழலாது, மேல அண்ணன் சொன்ன பிரச்சினைதான் வரும்.

பினியன்ல (டைமிங் பல்சக்கரம்) இருக்கற குறிகளைச் சேர்த்து மாட்டி, கையால நாலு சுத்து சுத்திப் பாருங்க. கியர் எங்கயாவது இறுகினா அப்படியே விடக்கூடாது. வெளி கேம்ல பல்லு கொஞ்சம் தடிச்சு இருக்கும், ஓடினா ஊளை மாதிரி சத்தம் வரும். ரொம்ப லூசா இருந்தா கடகடன்னு அடிக்கும். ஊளைதான் ஆபத்து, ஸ்பிண்டில் புஷ் சூடாகிடும்.

அப்புறம் ஆயில். பிளக்கைக் கழட்டி, ராக்கருக்கு (வால்வை அழுத்தற கை) போற ஆயில் பைப்போட மேல் பேஞ்சோ போல்ட்டை லூஸ் பண்ணி, ஆயில் கசியற வரைக்கும் கிக் அடிங்க. ஆயில் அங்க வராம ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

பாயிண்ட் டைமிங், கார்புரேட்டர் எல்லாம் முன்னாடியே சரியா வச்சிருக்கணும். ஆயில் வந்த பிறகும் ஸ்டார்ட் ஆகாம இன்னும் இருபது கிக் அடிச்சா தடவின பேஸ்ட் பூரா கேம்ல இருந்து வழிச்சு எடுத்த மாதிரி ஆயிடும். ஸ்டார்ட் ஆனதும் ஸ்லோல விடாதீங்க, ஆக்சிலரேட்டரை உடனே 2000 சுத்து பக்கம் திருகிப் பிடிச்சு, 1800ல இருந்து 2500 வரைக்கும் மாத்தி மாத்தி, நின்ன இடத்துலயே இருபது முப்பது நிமிஷம்.

டயல்கேஜ் எழுதியது:

இங்கே ஒரு திருத்தம். நின்ற இடத்தில் இருபது முப்பது நிமிடம் என்பது தண்ணீரால் குளிரும் கார் எஞ்சினுக்கு எழுதிய விதி. காற்றில் குளிரும் வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்), அதுவும் சித்திரை வெயிலில், ஸ்டாண்டில் நிறுத்தி அவ்வளவு நேரம் ஓட்டினால் கேம் பிழைக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெரிய ஃபேனை எதிரே வைத்து ஐந்து ஐந்து நிமிடமாக நாலு தடவை, நடுவில் பேரல் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு. அதைவிட நல்லது, மூன்று நிமிடம் ஓடவிட்டுக் கசிவு, சத்தம் பார்த்துவிட்டு வண்டியைச் சாலையில் எடுத்துவிடுவது. அதிகாலையில் ஈசிஆரில் காலாப்பட்டு வரை போய் வந்தால் போதும். மணிக்கு 40க்கும் 55க்கும் இடையில் கூட்டிக் குறைத்து. காற்றும் கிடைக்கிறது, புது ரிங் போட்டிருந்தால் அதற்கு வேண்டிய பாரமும் கிடைக்கிறது.

வந்தவுடன் சூட்டோடு ஆயிலை வடித்துவிடுங்கள். அடுத்தது 500 கிலோமீட்டரில், அதற்கடுத்தது 1500ல். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டினால் இயல்பு. விரலில் உருட்டும்போது நெருடுகிற செதில் வந்தால் கவரைத் திறக்க வேண்டும், யோசிக்கவே வேண்டாம்.

உப்புக்காத்து (தேங்காய்த்திட்டு) எழுதியது:

எல்லாம் சரி. இந்த ஊர்ல புல்லட் கேம் போறதுக்கு முதல் காரணத்தை யாரும் எழுதலையே. "டுக்... டுக்... டுக்"னு எண்ணி எண்ணி அடிக்கணும்னு ஸ்லோ ஸ்க்ரூவை எறக்கி வைக்கிறது! ராஜீவ் காந்தி சதுக்க சிக்னல்ல நிக்கறப்ப கேட்க அழகாத்தான் இருக்கும்.

டயல்கேஜ் எழுதியது:

மிகச் சரியான இடத்தைத் தொட்டீர்கள். பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் விஷயம் இது. அதிக வேகத்தில்தான் கேம் தேயும் என்று நினைக்கிறோம். மூக்குப் பகுதிக்கு உண்மை அதற்கு நேர் எதிர். வேகத்தில் டேப்பட், புஷ் ராடு, வால்வு எல்லாம் மேல்நோக்கிப் போகும் வீச்சு இருக்கிறதே, அது மூக்கின் உச்சியில் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். மூக்கின் மேல் பாரம் குறையும். ஸ்லோவில் அந்த வீச்சு இல்லை, ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் மூக்கின் மேல்தான். அதோடு மேற்பரப்பு மெல்ல நகர்வதால் நடுவில் எண்ணெய்ப் படலம் உருவாகாது. ஆயில் பம்பும் எஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடிதானே ஓடுகிறது, வரத்தும் குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில். லிஃப்ட் கூடிய கேமின் மூக்கு கூர்மையானது, தொடும் பரப்பு சிறியது, அங்கே இது இன்னும் மோசம்.

வேகத்தில் பாரம் ஏறுவது மூக்கில் இல்லை, பக்கச் சரிவில். அதனால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். மூக்கு மட்டும் என்றால் ஸ்லோ, தடித்த ஸ்பிரிங், எண்ணெய் வராதது. சரிவில் அடிபட்ட தழும்பு என்றால் எஞ்சினை அளவுக்கு மீறி முறுக்கி, ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் வால்வு மிதந்து வந்து விழுந்திருக்கிறது, அல்லது டேப்பட் இடைவெளி அதிகம். மேற்பரப்பு முழுக்கச் சன்னமாக மணல் தேய்த்தாற்போல் இருந்தால் ஏர் ஃபில்டர், அல்லது வால்வு அரைத்த பேஸ்டைக் கழுவாமல் விட்டது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

முத்தியால்பேட்டை350 அவர்களின் கேமில் மூக்கு மட்டும் வரி வரியாகத் தேய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார். ஸ்லோவை 1000 பக்கம் வையுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

வில்லியனூர்_ஆர்எக்ஸ் எழுதியது:

ஆர்எக்ஸ் 100க்கு நல்ல கேம் எங்க கிடைக்கும் அண்ணே 😁

நெல்லித்தோப்பு ஸ்பானர் எழுதியது:

தம்பி, உன் டூ ஸ்ட்ரோக் வண்டில கேமே கிடையாது, உனக்கு ஆயுசுக்கும் தேயாது. போய் 2டி ஆயில் இருக்கா பாரு.

பண்ருட்டி பலாக்கொட்டை எழுதியது:

என் கேள்வி ஹெட்ல கேம் இருக்கற கம்யூட்டர் வண்டி பத்தி. புது கேம் விலைக்குப் பழைய கேமையே லேத்ல அரைச்சு லிஃப்ட் கூட்டித் தர்றேன்னு சொல்றாங்க. தாங்குமா?

டயல்கேஜ் எழுதியது:

எதை அரைக்கிறார்கள் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். அரைத்து மூக்கில் உலோகம் சேர்க்க முடியாது, ஆகவே அடிவட்டத்தை (மூக்கு இல்லாத வட்டப் பகுதி) குறைப்பார்கள். 0.5 மில்லிமீட்டர் லிஃப்ட் வேண்டுமானால் அடிவட்டத்தின் ஆரத்தில் 0.5 போக வேண்டும். மூக்கின் உச்சியில் கல் அநேகமாகப் படாது, பக்கச் சரிவுகளில் படும்.

அடுத்த கேள்வி, பதம் எவ்வளவு ஆழம். குளிர்வார்ப்பு இரும்புக் கேமில் கடினப் பகுதி சில மில்லிமீட்டர் போகும், அரைத்தாலும் மிச்சம் இருக்கும். மேல்தோல் மட்டும் கார்பன் ஏற்றிப் பதம் செய்த எஃகில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான், அதில் பாதியை அரைத்துவிட்டால் மிஞ்சும் தோல் மெல்லியதும் மிருதுவானதும். நைட்ரைடு செய்தது (மேல்தோலில் நைட்ரஜன் ஏற்றியது) என்றால் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அரைத்தால் பதம் முழுக்கப் போச்சு, திரும்ப நைட்ரைடு செய்தே ஆக வேண்டும். அரைப்பவரிடம் "எந்த வகைக் கேம், அரைத்த பிறகு என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் கேமைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வெல்டு வைத்து மூக்கை உயர்த்துவதும் உண்டு. கடின வெல்டு ராடு போட்டு முறையாகச் செய்தால் நன்றாக ஓடும், சாதா ராடு போட்டால் செதில் செதிலாக உதிரும்.

இதை விட்டுவிட்டாலும் ராக்கர் பிரச்சினை இருக்கிறது. அடிவட்டம் குறைந்தால் ராக்கர் கீழே இறங்கும், அட்ஜஸ்டர் ஸ்க்ரூவை அதிகம் உள்ளே திருக வேண்டி வரும், ராக்கரின் கோணம் மாறும். மார்க்கர் பேனாவால் ராக்கர் பேடில் மை தடவி, கையால் சுற்றிப் பாருங்கள். மை அழிந்த தடம் பேடின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்துக்கு ஓடியிருந்தால் அந்த விளிம்பு கேமை உளிபோல் சீவும்.

நெல்லித்தோப்பு ஸ்பானர் எழுதியது:

இன்னொண்ணு சேர்த்துக்கங்க. ஒரிஜினல் கேம்ல ஆயில் துளை இருந்தா வாங்கற கேம்லயும் அதே இடத்துல இருக்கணும், கம்பி விட்டுப் பார்த்து ஊதிக் காட்டச் சொல்லுங்க. டைமிங் செயின் ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டு "கேம் இழுக்கல"ன்னு சொல்றவங்களும் உண்டு. கேம் ஸ்ப்ராக்கெட்ல 32 பல்லுன்னா ஒரு பல்லுக்கு கேம்ல 11.25 டிகிரி, கிராங்க்ல 22.5. அது சின்ன தப்பு இல்ல, வால்வு பிஸ்டனைத் தொடற தப்பு.

ரோலர் ராக்கர் வண்டிக்குத் தட்டை ராக்கர் கேமை மாத்திப் போடவே கூடாது. வளைவும் வேற, உலோகமும் வேற. ரோலர் ஒரு கோடு மாதிரி தொட்டு அழுத்தும், சாதா வார்ப்பிரும்பு கேம்ல குழி குழியா பேர்த்துடும்.

முத்தியால்பேட்டை350 எழுதியது:

ஆயில் கேள்வி அப்படியே நிக்குது.

உப்புக்காத்து எழுதியது:

புல்லட்டுக்கு 20டபிள்யூ-50 மினரல். அவ்ளோதான்.

டயல்கேஜ் எழுதியது:

தடிமன் சரி, ஆனால் டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். தட்டை டேப்பட்டைக் காப்பது ஆயிலில் இருக்கும் ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மானம். எண்ணெய்ப் படலம் கிழியும் இடத்தில் உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய தியாகத் தோலைக் கட்டுவது அதுதான். இப்போதைய பெட்ரோல் கார் ஆயில்களில், குறிப்பாக 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) வைத்திருக்கிறார்கள். பைக் ஆயிலுக்கான ஜாசோ என்ற ஜப்பானிய எம்ஏ, எம்ஏ2 தரத்தில் 800 முதல் 1200 வரை இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே டப்பாவில் எம்ஏ2 என்று இருந்தால் கண்ணை மூடி வாங்கலாம்.

வார்ப்பிரும்பு புல்லட்டில் இன்னொரு சலுகையும் உண்டு. கிளட்ச் தனி அறையில், கியர்பாக்ஸ் தனி. எஞ்சின் ஆயில் கிளட்சைத் தொடுவதே இல்லை. சிஐ-4 டீசல் ஆயிலைத் தாராளமாக ஊற்றலாம், கிளட்ச் வழுக்குமோ என்ற கவலை இல்லை. யூசிஇ புல்லட்டிலும் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ளது) மற்ற கம்யூட்டர் வண்டிகளிலும் கிளட்ச் அதே ஆயிலில் குளிப்பதால் அங்கே எம்ஏ2 மட்டும். தனியாகக் குப்பியில் விற்கும் ஜிங்க் சேர்மானத்தை மேலே மேலே ஊற்றாதீர்கள், அளவு மீறினால் அதுவே அரிக்கும்.

உப்புக்காத்து எழுதியது:

ஒத்துக்கறேன். ஆனா ஆயில் கெட்டுப்போறதையும் பாருங்க. நெல்லித்தோப்புல இருந்து பீச் ரோடு, திரும்ப வீடு, ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓட்டற வண்டில எஞ்சின் சூடே ஏறாது. உள்ள படியற ஈரம் ஆவியாகாம ஆயில்லயே தங்கும், மூடியைத் திறந்தா உள்பக்கம் பால்கோவா மாதிரி ஒட்டியிருக்கும். அந்த வண்டிக்குக் கிலோமீட்டர் பார்க்காம ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துங்க. வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டுங்க.

பழைய எஞ்சின், பழைய ஹெட் வாங்கறவங்க வெள்ளத்துல முங்கினதான்னு பாருங்க. கடலூர்ல 2015, புதுச்சேரில 2024 ஃபெஞ்சல் புயல்னு ரெண்டு பெரிய தண்ணி வந்துபோன ஊர் இது. தண்ணி நின்ன எஞ்சின்ல கேம் எந்த நிலைல நின்னுதோ அந்த இடத்துல மட்டும் துருக்குழி இருக்கும். எம்ரி போட்டா பளபளப்பாகும், குழி போகாது. ஓட ஓட குழியோட விளிம்புல இருந்து உலோகம் பேர்ந்து வரும்.

ஓடி_துறைமுகம் எழுதியது:

போட் டீசல் எஞ்சின் கேமுக்கும் இதே கதையா?

உப்புக்காத்து எழுதியது:

அது மெதுவா ஒரே சீரா ஓடற எஞ்சின், கேம் சும்மா போகாது. போனா கடல்தண்ணி ஆயில்ல கலந்திருக்கும். கூலர் ட்யூபையும் வாட்டர் பம்ப் சீலையும் பாருங்க, அப்புறம் கேமைப் பாருங்க. தனி இழை போடுங்க, அங்க பேசலாம்.

முத்தியால்பேட்டை350 எழுதியது:

கடைசியா ஒண்ணு. போட்ட பிறகு தேயுதா இல்லையான்னு கவர் திறக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது? டேப்பட் இடைவெளி கூடினா தெரிஞ்சிடுமா?

டயல்கேஜ் எழுதியது:

தெரியாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். டேப்பட் பார்க்கும்போது டேப்பட் நிற்பது அடிவட்டத்தின் மேல். மூக்கு ஒரு மில்லிமீட்டர் கரைந்துபோயிருந்தாலும் அடிவட்டம் தேயாததால் இடைவெளி அச்சு அசலாக அப்படியே காட்டும். உங்கள் வண்டியில் குளிர்ந்த எஞ்சினில் புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது, அவ்வளவுதான் அளவு. திரும்பத் திரும்ப இடைவெளி கூடிக்கொண்டே போனால் டேப்பட் முகமோ அட்ஜஸ்டர் முனையோ தேய்கிறது என்று அர்த்தம். குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது.

மூக்கைப் பார்க்க லிஃப்டைத்தான் அளக்க வேண்டும். டேப்பட் கதவைத் திறந்து, டயல் கேஜின் முள்ளை டேப்பட் தலை மேல், அது நகரும் திசைக்கு நேராக வைத்து, பிளக்கைக் கழட்டி எஞ்சினை மெல்லச் சுற்றுங்கள். அடிவட்டத்தில் பூஜ்யம் வைத்து உச்சியில் எவ்வளவு என்று குறியுங்கள். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும், மூன்று தடவை. புதுக் கேம் போட்ட அன்றே இந்த இரண்டு எண்ணையும் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். 500ல் ஒரு தடவை, 3000ல் ஒரு தடவை, பிறகு 10,000க்கு ஒரு தடவை. முதல் 500க்குள் 0.02, 0.03 குறைவது பதிவது. அதன் பிறகு எண் அசையக்கூடாது. 0.1க்கு மேல் குறைந்தால் பதம் உடைந்துவிட்டது, இனி வேகமாகக் கரையும்.

முத்தியால்பேட்டை350 எழுதியது:

டயல் கேஜ் இல்லேன்னா வெர்னியர்ல முடியுமா?

நெல்லித்தோப்பு ஸ்பானர் எழுதியது:

வெர்னியரோட வால் கம்பியை வச்சு அளக்கலாம், ஆனா கை நடுங்கறதுலயே 0.1 போயிடும், நீங்க தேடறதும் அதே 0.1தான். டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் வாடகைக்காவது எடுங்க. கிராங்க் கேஸ் அலுமினியம், காந்தம் ஒட்டாது. தடிச்ச இரும்புப் பட்டையை டைமிங் கவர் ஸ்க்ரூ ரெண்டுல இறுக்கிட்டு அது மேல ஸ்டாண்டை வைங்க.